துத்தம் போடாத பசை

பசை காய்ச்சுவதில் அவளை மிஞ்ச அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. மைதா கரைக்கும்போது கட்டி தட்டக்கூடாது, அடுப்பில் ஏற்றிய பிறகு அடிப்பிடிக்கக்கூடாது, இறக்குகிற நேரத்தில் துடுப்பைத் தூக்கினால் பசை அறுந்து விழாமல் மடிந்து மடிந்து விழ வேண்டும். அந்தப் பதம் அவள் கைக்கு மட்டும்தான் கட்டுப்படும். அவள் லீவு போட்ட அன்றைக்கு வேறு யாராவது துடுப்பைப் பிடித்தால், ஒட்டிய பெட்டியெல்லாம் மறுநாள் காலையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பசைக்காரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

சட்டைப் பெட்டி, செருப்புப் பெட்டி, வளையல் பெட்டி, பரிசுப் பெட்டி, இவைதான் அங்கே வேலை. தின்பண்டப் பெட்டி கிடையாது. அதற்குக் காரணம் பசைதான். காய்ச்சி இறக்கிய பசை ஆறுவதற்குள் மயில்துத்தத்தைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, அதில் ஊற்றிக் கிண்டுவாள். வெள்ளைப் பசையில் நீலம் மெல்லப் பரவும். துத்தம் விஷம். அது விழுந்த பசையைக் கரப்பான் தொடாது, பூஞ்சை அண்டாது, பெட்டி வருஷக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். துத்தம் தொட்ட கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவாமல் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க மாட்டார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அவள் நகக்கண்ணில் மட்டும் நீலம் போகாது.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு கோடியில் அட்டை வெட்டும் மிஷினும் அதன் பக்கத்தில் கட்டிங் மாஸ்டரும். நடுவில் நீள மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள். மறு கோடியில் ரிப்பன் அக்கா. முடிந்த பெட்டிக்கெல்லாம் ரிப்பன் கட்டுகிறவள் அவள்தான். ஊர் வம்பை அளக்கிற வேலையும் அவளுடையதுதான், அதற்குச் சம்பளம் இல்லை. மழைக்காலத்தில் கூரைமேல் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அப்போதும் ரிப்பன் அக்கா சொல்வது மட்டும் எல்லோருக்கும் கேட்கும்.

பசைக்காரிக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று பட்டறைக்குத் தெரியும். அந்தப் பெண் அவளை அத்தை என்று கூப்பிடுகிறாள் என்பது ரிப்பன் அக்காவுக்கு மட்டும் தெரியும். அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அது இப்படி நடந்தது. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, மூட்டையோடு கீழே வந்தான். இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன், பட்டறையில் இவள், மூன்று வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில். அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள், புருஷனுடைய அக்கா. தூரத்துப் பட்டணத்தில் துணிக்கடை, மாடி வீடு, வேலைக்கு ஆள். பிள்ளை மட்டும் இல்லை. நான்கு தடவை வயிற்றில் தங்கி நான்கு தடவையும் கலைந்தவள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இவளுக்கு அப்போது கடவுளே இறங்கி வந்தது போலத்தான் இருந்தது. காலில் விழாத குறையாக அனுப்பி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து நாத்தனார் போன் போட்டாள். "அம்மா எங்க அம்மா எங்கன்னு அழுது அழுது ஜுரம் வந்துடுதும்மா புள்ளைக்கு. போன்ல நீ அம்மான்னு சொல்லாத. கொஞ்ச நாளைக்கு அத்தைன்னு சொல்லிக்கோ. பழகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

பிள்ளைக்கு ஜுரம் என்றால் எந்தத் தாய்தான் யோசிப்பாள். அன்றைக்குப் பிள்ளை போனில் வந்து, அம்மா என்றது. இல்லடா, அத்தை பேசறேன் என்றாள் இவள். இல்ல, அம்மா என்றது பிள்ளை. அத்தைடா கண்ணு, அத்தை என்று மறுபடியும் சொன்னாள். சொன்ன வாயை அப்புறம் எத்தனையோ நாள் அடித்துக்கொண்டிருக்கிறாள். அடித்து என்ன பயன். புருஷன் எழுந்து நடந்தான், ஒரு கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிற காவல் வேலையும் கிடைத்தது. பிள்ளை மட்டும் திரும்பவில்லை. கேட்டபோதெல்லாம் இப்போது பள்ளிக்கூடம், இப்போது பரீட்சை, இப்போது அம்மை போட்டிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனது. புருஷன் அக்காவிடம் அழுத்திக் கேட்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டித் தன்னைக் காப்பாற்றியது அக்கா என்கிற ஒன்றே அவன் வாய்க்குப் பூட்டு.

இந்த வருஷம் அவள் விடவில்லை. போனில் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் கொஞ்சம் குரலையும் உயர்த்தினாள். நாத்தனார் கோபப்படவில்லை. கோபப்படுகிற வழக்கமே அவளுக்கு இல்லை.

"நான் என்ன கட்டிப்போட்டா வெச்சிருக்கேன்? அவளா வாயத் திறந்து, அத்தை வீட்டுக்குப் போறேன்னு சொல்லட்டும். லீவுக்கு நானே கொண்டாந்து விடறேன். அவ மாட்டேன்னா மட்டும் அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. பிள்ளை வருகிறேன் என்று சொல்ல வேண்டும். நான்கு வருஷமாகப் பார்க்காத வீட்டுக்கு, போனில் மட்டும் தெரிந்த ஓர் அத்தையிடம். ஏழாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதையே செய்வது என்று முடிவுகட்டினாள்.

பார்வைக்கு அது ஒரு பரிசுப் பெட்டி. மூடியைத் தூக்கினால் நான்கு சுவரும் நான்கு பக்கம் சாய்ந்து, உள்ளே ஒரு வீடு இருக்கும். அவர்கள் குடியிருக்கிற அதே ஒற்றை அறை. பிள்ளை அதைப் பார்க்க வேண்டும், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று அதற்குத் தோன்ற வேண்டும், போகிறேன் என்று சொல்ல வேண்டும். இதைத் தவிர அவள் மனதில் வேறு கணக்கு இல்லை.

கட்டிங் மாஸ்டரிடம் கழிசல் அட்டை கேட்டாள். யாருக்கு மாளிகை என்று அவர் வம்புக்கு இழுத்தார். மகாராணிக்கு என்றாள். அவர் கழிசலைத் தள்ளிவிட்டு நல்ல அட்டையிலேயே நான்கு துண்டு போட்டுக் கொடுத்து, முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மடிப்புக் கோடு மட்டும் அவளே போட்டாள். கோடு ஆழமாகப் போனால் அட்டை ஒடியும், மேலோட்டமாகப் போனால் சுவர் சாயாமல் அடம் பிடிக்கும். சுவர் தானாகச் சாய வேண்டும், ஆனால் பொத்தென்று விழக்கூடாது. இதற்காக மட்டும் மூன்று பெட்டி செய்து மூன்றையும் கிழித்துப் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கையில் அவள் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு கட்டில் செய்தாள். தீக்குச்சிக் கால், நூல் பின்னல். டீத்தூள் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தில் குடம், டம்ளர், மூடி போட்ட ஒரு பாத்திரம். ஜன்னலுக்கு இரண்டு கம்பி, அதில் ஒன்று வளைந்தது. நிஜ ஜன்னலிலும் ஒன்று வளைந்துதான் இருக்கும், அதைப் பிடித்துத் தொங்கி வளைத்ததே பாப்பாதான். குறுக்கே ஒரு கொடி, கொடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு சட்டை. வாசலில் சாம்பல் பூனை. கட்டிலில் மூன்று பொம்மை. ஆண், பெண், நடுவில் குட்டி. முகத்தைத் தனியாகக் காகிதத்தில் வரைந்து வெட்டி ஒட்டினாள். குட்டி பொம்மையின் முகம் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்ப வரைந்தாள். பாப்பாவுக்கு இப்போது எப்படி முகம் என்பது போனில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். போனில் அது எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். கடைசியில் மூன்று வயது முகத்தையே போட்டாள்.

ஒட்டுகிற நாளன்று ரிப்பன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சி வைத்திருந்த பசையைப் பார்த்தாள். பால் மாதிரி வெள்ளை.

"என்னடி இது, துத்தம் போடலியா?"

"போடலக்கா."

"மழைக்காலம்டி. பூஞ்சை பிடிச்சு, பூச்சி வெச்சுப் போயிடும். உனக்கு நான் சொல்லணுமா?"

பசைக்காரி சொன்னாள், பார்சல் நாலைந்து நாளில் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், அன்றைக்கே பிரித்துவிடுவார்கள், அதற்கப்புறம் பெட்டி போனால் போகட்டும் என்று. பாப்பாவுக்குக் கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். செருப்பு வார், சீப்பு, சுவர்ச் சுண்ணாம்பு எதையும் விட்டதில்லை. இரண்டரை வயதில் ஒருநாள், பட்டறையிலிருந்து கொண்டுபோன பெட்டியின் மூலையை ஊறவைத்து ஊறவைத்துத் தின்றுவிட்டு, நீலமாக வாந்தி எடுத்தது. இவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அன்றிலிருந்து இவள் வீட்டுக்குள் பட்டறைப் பெட்டி ஒன்றுகூட வந்ததில்லை.

"அதெல்லாம் அப்போ. ஏழு வயசுப் புள்ள பெட்டியக் கடிக்குமாடி?"

"என் பொண்ணு கடிப்பாக்கா," என்றாள் அவள். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. ரிப்பன் அக்கா தன் பெட்டியிலிருந்து நல்ல மஞ்சள் ரிப்பனாகப் பார்த்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புருஷன் பார்சல் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்ததாக நாத்தனாரே போன் செய்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்காரருக்குத் திடீரென்று வெளியூர்ப் பயணம், அவர் இல்லாமல் பிறந்தநாள் என்ன வேண்டிக் கிடக்கிறது, மூன்று வாரம் தள்ளி வைத்தாயிற்று. பாப்பாவும் சரி என்று சொல்லிவிட்டாள், சமர்த்துப் பிள்ளை.

இவள் நாளை விரல்விட்டு எண்ணினாள். "அண்ணி, பெட்டியை மட்டும் இப்பவே பாப்பாகிட்ட குடுத்துடுங்களேன்."

"இப்பவே பிரிச்சுட்டா அன்னிக்கு என்ன இருக்கும்? எல்லாத்தையும் பரண்ல ஏத்தியாச்சும்மா. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பிரிக்கட்டும். உனக்கும் பெருமைதானே."

துத்தம் போடவில்லை, பூச்சி வரும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. பூச்சி வரும் என்று தெரிந்தே எதற்கு அனுப்பினாய் என்று நாத்தனார் கேட்பாள். பெட்டியைக் கையோடு குப்பையில் போட்டுவிடுவாள், பாப்பா கண்ணிலேயே காட்ட மாட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டு அலமாரியில் அந்தப் பசையால் ஒட்டிய ஒரு சுவர் மிச்சம் இருந்தது. சாயாத சுவர் என்று கழித்துப் போட்டது. தினம் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாள். மழை விடாமல் அடித்தது. துணி காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டது. ஒருநாள் சுவரின் ஒட்டுவாயில் சாம்பல் பூத்திருந்தது. இன்னும் சில நாள் போனதும் ஓரம் ஓரமாக அரித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் ஒரு கரப்பான் முட்டை, பேரீச்சங்கொட்டை நிறத்தில். இங்கே இப்படி என்றால் அங்கே பரணில் எப்படி.

சாயங்காலம் புருஷன் வந்து ஈரச்சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க அக்காகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா வேற மாதிரி எடுத்துக்குவாங்க. பெட்டியப் பிரிச்சு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. அரிச்சிருந்தா தூக்கிப் போட்டுடச் சொல்லுங்க, நான் வேற செஞ்சு அனுப்பிடறேன். நாள் இருக்கு."

"ஒரு அட்டப் பொட்டிக்கு இவ்ளோ அமர்க்களமா?"

"அட்டப் பொட்டி இல்லீங்க அது. அதப் பாத்துட்டுத்தான் அவ வரணும்."

அவன் சரி சரி என்றான். மறுநாள் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன் என்றான். அக்கா பிரித்துப் பார்த்ததாம், ஒன்றும் ஆகவில்லையாம். வேறு என்ன சொன்னார்கள் என்று இவள் துருவினாள். கட்டிலைப் பார்த்துச் சிரித்ததாம், பூனை அச்சு அசலாக இருக்கிறதாம் என்றான். பூனையைச் சொன்னார்களா என்று இவள் இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம், பூனையைத்தான் முதலில் சொன்னது என்றான்.

அவன் போனே போடவில்லை. கிடங்கு வாசலில் உட்கார்ந்து நம்பரை எடுத்து, ஒரு தடவை மணி அடிப்பதற்குள் கட் செய்துவிட்டு, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அக்காவிடம் குற்றம் சொல்வது போல ஒரு வார்த்தை பேச அவனுக்குத் தைரியம் வராது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் சண்டை வராமல் இருந்தால் போதும் என்று எதையும் சொல்லிவிடுகிற சாதி. இது அவளுக்குத் தெரிய வந்தது பிறகுதான்.

அந்த நாட்களில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அறைக்கு வெள்ளையடித்தாள். குட்டித் தலையணை ஒன்று தைத்தாள். ரிப்பன் அக்காவிடம், பாத்தியாக்கா, ஒண்ணும் ஆகலையாம் என்று சொல்லிக்காட்டினாள். லீவுக்குப் பாப்பா வந்தால் ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள். அத்தை என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், பக்கத்தில் படுத்துத் தூங்கினால் போதும் என்றாள். பசையில் எவ்வளவு துத்தம் போட்டோம் என்று மறந்து ஒருநாள் இரண்டு தடவை போட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள்.

பிறந்தநாளன்று மத்தியானமே குளித்து, தலைவாரி, இருவரும் கட்டிலில் உட்கார்ந்து போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீடியோவில் அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் போனை எங்கேயோ உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூடம் முழுக்க பலூன். பளபள உடுப்பில் பிள்ளைகள், சுவரோரம் பெரியவர்கள், நடுவில் மேஜை, மேஜையில் மூன்று அடுக்குக் கேக். பாப்பா ரோஜா நிற கவுனில் நின்றாள். உயரமாகியிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. யாரோ எதையோ கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னாள். கேக் கையில் ஒட்டியபோது விரலை வாயில் வைக்கவில்லை. காகிதக் கைக்குட்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பசைக்காரி அதைப் பார்த்தாள். எவ்வளவு சுத்தமாக வளர்ந்திருக்கிறது என்று சந்தோஷம்தான் பட்டாள்.

பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பொம்மைக் கார், பேசும் கரடி, சைக்கிளே ஒன்று. எல்லாவற்றுக்கும் கைதட்டல். கடைசியில் நாத்தனார் பெட்டியை எடுத்து மேஜைமேல், கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உன் அத்தை, தன் கையாலயே செஞ்சு அனுப்பினது. எல்லாரும் பாருங்க."

பசைக்காரிக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூடியின் காகிதம் உப்பியிருந்தது. ஓரத்தில் ஒட்டுவாய் பிரிந்து, உள்ளே சாம்பல் நிறம். மஞ்சள் ரிப்பன் தளர்ந்து தொங்கியது. அண்ணி, பிரிக்காதீங்க, பாப்பாவ விலகச் சொல்லுங்க என்று போனுக்கு வாயை வைத்துக் கத்தினாள். கூடத்துச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பாப்பா மூடியைத் தூக்கினாள்.

சுவர்கள் சாயவில்லை. ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. பாப்பா ஒரு விரலால் தள்ளினாள். முதல் சுவர் நமத்துப்போய் மடங்கி விழுந்தது, அதோடு உள்ளேயிருந்தவை வெளியே வந்தன. பெரியதும் சிறியதுமாக, பொலபொலவென்று, மேஜை விரிப்பில் நாலா பக்கமும் ஓடின. ஒன்று கேக்கின் மேல் ஏறியது. இரண்டு பாப்பாவின் கவுனில் ஏறின. பாப்பா வீறிட்டாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தி, நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். யாரோ கரப்பானைச் செருப்பால் அடித்தார்கள். கத்தல் அடங்கியதும் பெரியவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"வீட்டோட சேத்துக் குடித்தனக்காரங்களையும் அனுப்பிட்டாங்கப்பா," என்றது ஓர் ஆண் குரல். சிரிப்பு இன்னும் பெரிதானது.

நாத்தனார் பெட்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். கட்டிலில் மூன்று பொம்மையும் இருந்தன. முகம் ஒட்டிய இடமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. மூன்றுக்கும் முகம் இல்லை.

"நீங்கதான் அன்னிக்கே பிரிச்சுப் பாத்தீங்களாமே அண்ணி," என்றாள் இவள்.

"நானா? பரண்ல இருந்து இன்னிக்குத்தாம்மா இறக்கினோம். யாரு சொன்னா?"

இவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எழுந்து, வெளியே போய்விட்டான். அப்போது அவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. பாப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்படியாவது சொல்லிப் புரியவைத்துவிட வேண்டும்.

"அண்ணி, எப்பவும் பசையில துத்தம் போடுவோம். அது விஷம். பாப்பா எதையும் வாயில வெப்பாளே, அதான் அவளுக்காகப் போடாம விட்டேன். விஷம் பிள்ளைக்கு ஆகாதுன்னுதான் அண்ணி…"

இந்தப் பேச்சு மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது, எல்லோரும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். சுவரோரமாக நின்ற ஒருத்தி, விஷமா என்றாள். இன்னொருத்தி தன் பிள்ளையை வெடுக்கென்று மேஜையிலிருந்து இழுத்துக் கையைப் பிரித்துப் பார்த்தாள். கேக்கைத் தொடாதீங்க என்று யாரோ சொன்னார்கள்.

நாத்தனார் சிரித்த முகம் மாறாமல் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். "பயப்படாதீங்க. இதுல போடலையாம். அவங்க வழக்கமாப் போடறதாம். இவ சின்னதுல ஒரு தடவ அதத் தின்னுட்டுத்தான் ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுக்கப்புறம்தான் இவள அங்க விட எனக்கு மனசே வரல." பிறகு போனைப் பார்த்துத் திரும்பினாள். "ஏம்மா, ஏழு வயசுப் பொண்ணு அட்டைய எடுத்து நக்குவாளா? அவள என்னன்னு நெனச்சிட்டிருக்க நீ?"

ஏழு வயதுப் பெண் என்ன செய்வாள் என்று பசைக்காரிக்கு உண்மையிலேயே தெரியாது. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை வைத்துவிடலாம் என்று கை போனது. அதற்குள் நாத்தனார் பாப்பாவை அணைத்துக்கொண்டு கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தாள். கவுனைத் தட்டிவிட்டாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். குரல் தேனாக இருந்தது.

"கண்ணா, லீவுக்கு நீ வரணும்னு அத்தை ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்காங்க. அம்மா அனுப்ப மாட்டேங்கறேன்னு அவங்களுக்கு வருத்தம். இதோ, இதுதான் அத்தை வீடு. போறியா? நீயே சொல்லு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பாப்பா பெட்டியைப் பார்த்தாள். வளைந்த கம்பி ஜன்னல் இருந்த சுவர் அதுவரை விழாமல் நின்றது. பாப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த ஒரு நொடியில், இவ்வளவுக்குப் பிறகும், பசைக்காரிக்கு நம்பிக்கை வந்தது.

"நிஜ வீட்டுலயும் இந்த மாதிரி இருக்குமா?" என்று பாப்பா கேட்டாள்.

"அத்தைகிட்டயே கேளு," என்றாள் நாத்தனார்.

இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். ஆனால் காலையில்தான் அலமாரிக்குப் பின்னால் இரண்டை அடித்துப் பெருக்கித் தள்ளியிருந்தாள். பிள்ளையிடம் முதல் தடவையாக நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மழைக்காலத்துல கொஞ்சம் இருக்கும்டா. அத்தை எல்லாத்தையும் விரட்டிடுவேன். நீ வர்றதுக்குள்ள ஒண்ணுகூட இருக்காது. வெள்ளையெல்லாம் அடிச்சு…"

பாப்பா தலையைத் திருப்பி நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வேணாம்மா. நான் எங்கயும் போகல. என்னை அனுப்பாதம்மா."

"கேட்டியாம்மா?" என்றாள் நாத்தனார். பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, அடங்கின குரலில், வெற்றி பெற்றவள் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி. "நான் ஒரு வார்த்த சொல்லல. எல்லாரும் சாட்சி. இனிமே நீயும் கேக்காத, நானும் சொல்லல. சரி, அழாத. இன்னிக்கு நல்ல நாளு." பிள்ளையைத் தட்டி எழுப்பினாள். "அத்தைக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு வா. யாரு என்ன குடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லணும் இல்ல?"

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். அந்தப் பக்கம் யாரோ மேஜை விரிப்பைச் சுருட்டினார்கள், பெட்டியையும் அதோடு சேர்த்துத்தான். பாப்பா போனுக்கு நெருங்கி வந்தாள். திரை முழுக்க அவள் முகம் மட்டும் இருந்தது, முதல் தடவையாக அசையாமல். இவளுடைய மூக்கு, இவளுடைய நெற்றி. கண்ணில் கொஞ்சம் ஈரம், ஆனால் பயம் போய்விட்டிருந்தது. திரையில் தெரிந்த பெண் அழுவதைப் பார்த்துப் பிள்ளைக்குப் பாவமாகிவிட்டது. வேலைக்கார அம்மா தட்டை உடைத்துவிட்டு நிற்கும்போது பேசச் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே, மெதுவாக, பெரிய மனுஷியாகப் பேசினாள்.

"தேங்க்ஸ் அத்தை. பரவாயில்ல, நீங்க அழாதீங்க. எங்க அம்மா திட்டமாட்டாங்க. ஆனா இனிமே எனக்கு எதுவும் செஞ்சு அனுப்ப வேணாம். சரியா?"

"சரிங்க," என்றாள் பசைக்காரி.

பாப்பா தலையாட்டிவிட்டு, சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினாள்.

புருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே தூறல் போட்டிருக்க வேண்டும், தலை நனைந்திருந்தது. கடைசி வார்த்தை மட்டும் அவன் காதில் விழுந்திருந்தது.

"யாரு, முதலாளியா? இன்னிக்குமா வேலைக்குக் கூப்பிடறாரு?"

"இல்ல," என்றாள் அவள். "பாப்பாதான்."